இரவைப் பகிர்ந்த பல்கலைக்கழகங்கள்



ஞாயிற்றின் வீதியையும், அந்த ஞாயிற்றின் இயக்கத்தையும், அவ்வியக்கம் சூழ்ந்த வட்டத்தையும், காற்று செல்லும் திசையையும், தாங்குவாரின்றி நிற்கும் வானத்தையும் நேரில் சென்று அளந்து வந்தவர்போல் சொல்லக்கூடியவர்கள் உண்டு என்று சோழன் நலங்கிள்ளியைப் பாட வந்த உறையூர் முதுகண்ணன் சாத்தனார் புறநானூற்றில் குறிப்பிடுகிறார். மன்னனின் வலிமையை அளக்க இயலாது என்று சொல்வதற்காகவே புலவர் அந்த வானநூலாரை உவமைக்கு அழைக்கிறார். எனினும் ஓர் உண்மை அதில் தானாகவே பதிவாகியுள்ளது. வானை அளந்தவர்களின் பெயர் அங்கே இல்லை. அவர்கள் ஒரு கூட்டமாகவே சுட்டப்படுகின்றனர். வானத்தை அளப்பது தனியொருவரின் தொழிலன்று என்பதைச் சங்கப் புலவர் அறிந்திருந்தார் எனலாம்.

ஒரு பல்கலைக்கழகம் தனித்து நின்று செய்ய இயலாததை இரண்டு பல்கலைக்கழகங்கள் கூடிச் செய்த வரலாறு ஒன்று உண்டு. பின்னர் அது ஐந்து பல்கலைக்கழகங்களின் முயற்சியாக விரிந்தது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டேவிஸ் மலைத்தொடரில், லாக் மலையின் உச்சியில் அமைந்துள்ள மெக்டொனால்டு வான்நோக்கு நிலையத்தின் வரலாறு அது. தொலைநோக்கிகளின் கதையாக மட்டும் இதனைக் கேட்க வேண்டியதில்லை. அறிவைப் பங்கிடுவது எப்படி, அந்தப் பங்கில் யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்னும் வினாக்களும் இதனுள் பொதிந்துள்ளன.

ஒரு வங்கியாளரின் உயில்

டெக்சாஸ் மாநிலத்தின் வடகிழக்கே பாரிஸ் என்று ஒரு சிற்றூர் உண்டு. அவ்வூரில் வங்கித் தொழில் செய்து பொருளீட்டியவர் வில்லியம் ஜான்சன் மெக்டொனால்டு. திருமணம் செய்துகொள்ளாதவர், சிக்கனமாக வாழ்ந்தவர், நூல்களிலும் இயற்கையிலும் ஆர்வம் உடையவர். 1926இல் அவர் மறைந்தபோது உயிலைத் திறந்து பார்த்த உறவினர் திகைத்தனர். தம் செல்வத்தின் பெரும்பகுதியை ஒரு வான்நோக்கு நிலையம் அமைப்பதற்கென டெக்சாஸ் பல்கலைக்கழகத்திற்கு அவர் எழுதி வைத்திருந்தார்.

உறவினர் வழக்குத் தொடர்ந்தனர். நல்ல மனநிலையில் உள்ள ஒருவர் இப்படி ஓர் உயிலை எழுதுவாரா என்பதே அவர்களின் வாதத்தின் சாரம். என்றேனும் ஒருநாள் சொர்க்கத்தின் வாயிலையே காட்டவல்ல தொலைநோக்கி ஒன்று உருவாகும் என அவர் சொன்னதாக அவருக்கு முடிதிருத்தியவர் சாட்சியம் அளித்தார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. வானைக் காண விரும்புவது பித்தின் அறிகுறியா என்னும் வினா நீதிமன்றத்தின் முன் நின்றது. கவிஞர்களுக்கு இவ்வினா புதியதன்று. நெடிய வழக்கிற்குப் பின் உடன்பாடு ஏற்பட்டு, எட்டு இலட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகை பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்து சேர்ந்தது.

பணம் வந்தது, ஆனால் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அப்போது வானியலுக்கெனத் தனித்துறை இல்லை. பெருந்தொலைநோக்கியைக் கையாளத்தக்க ஆய்வாளர் குழுவும் இல்லை. நிலையத்தைக் கட்டத்தான் பணம் இருந்தது. அதை ஆண்டுதோறும் நடத்தவும் ஆய்வாளர்களுக்கு ஊதியம் வழங்கவும் போதிய வழியில்லை. ஏடு கிடைத்தும் படிப்பார் இல்லாத வீட்டின் நிலை அது.

முப்பதாண்டு ஒப்பந்தம்

அதே காலத்தில் வடக்கே சிகாகோ பல்கலைக்கழகத்தின் நிலை நேர்மாறாக இருந்தது. விஸ்கான்சின் மாநிலத்தில் வில்லியம்ஸ் பே என்னும் ஏரிக்கரை ஊரில் அப்பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வான்நோக்கு நிலையம் இருந்தது. 1897இல் திறக்கப்பட்ட அதன் 40 அங்குலத் தொலைநோக்கி, வில்லையைக் கொண்டு இயங்கும் வகையில் உலகிலேயே பெரியது. அங்கே அறிஞர்கள் இருந்தனர். ஆய்வுத் திட்டங்கள் இருந்தன. ஆனால் வானம் ஒத்துழைக்கவில்லை. மேகம் மூடிய இரவுகள் மிகுதி. மங்கலான விண்மீன்களின் ஒளியைப் பிரித்து ஆராயப் பெரிய ஆடி கொண்ட தொலைநோக்கி தேவைப்பட்டது, அதுவும் இல்லை.

யெர்க்ஸின் இயக்குநராக 1932இல் பொறுப்பேற்றவர் ஓட்டோ ஸ்ட்ரூவே. 1897இல் கார்கிவ் நகரில் பிறந்தவர். தலைமுறை தலைமுறையாக வானியலையே தொழிலாகக் கொண்ட குடும்பத்தின் வழித்தோன்றல். இவருடைய கொள்ளுப்பாட்டனார் ரஷ்யாவின் புல்கோவோ வான்நோக்கு நிலையத்தை நிறுவியவர். உள்நாட்டுப் போரில் தோற்ற தரப்பின் படையில் இருந்ததனால் நாடிழந்து, துருக்கியில் அகதியாக அல்லலுற்று, 1921இல் யெர்க்ஸுக்கு வந்து சேர்ந்தவர். கையில் ஒன்றுமில்லாமல் வந்தவருக்கு அந்நிலையம் வேலை தந்தது. இல்லாதவருக்கு இடம் தருவதன் பொருளை அவர் வாழ்ந்து அறிந்திருந்தார்.

டெக்சாஸுக்குக் கிடைத்த நன்கொடையை அறிந்த ஸ்ட்ரூவே, சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் மேனார்டு ஹட்சின்ஸிடம் தம் கருத்தை எடுத்துரைத்தார். டெக்சாஸ் பல்கலைக்கழகத் தலைவர் ஹாரி பெனடிக்டும் வானியலில் பயிற்சி பெற்றவர். 1932இல் இரு பல்கலைக்கழகங்களும் 30 ஆண்டுகளுக்கு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. தொலைநோக்கியை டெக்சாஸ் கட்டித் தரும். ஆய்வாளர்களைத் தந்து சிகாகோ அதை நடத்தும். இரு நிலையங்களுக்கும் ஒருவரே இயக்குநர். மலையும் மண்டபமும் ஒருவருடையவை. கண்ணும் கருத்தும் மற்றவருடையவை.

இடம் தேர்வதிலும் பொறுமை காட்டினர். ஆஸ்டின் நகரிலுள்ள பல்கலைக்கழக வளாகத்திலிருந்து 400 மைலுக்கு மேல் தொலைவிலுள்ள டேவிஸ் மலைத்தொடரைத் தேர்ந்தனர். உலர்ந்த காற்று, மேகம் குறைந்த வானம், அருகில் பெருநகரம் இன்மை ஆகிய மூன்றும் அங்கு ஒருங்கே அமைந்திருந்தன. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,070 மீட்டர் உயரம். யெர்க்ஸைவிடத் தெற்கே பல பாகை தள்ளி இருப்பதால், அங்கிருந்து காண இயலாத தென்வான விண்மீன்களும் இங்குப் புலப்பட்டன.

ஆடியைத் தேய்த்து மெருகிடும் பணி ஆண்டுக்கணக்கில் நீண்டது. கிளீவ்லாந்து நகரின் வார்னர் அண்டு சுவேசி நிறுவனத்தார் அப்பணியைச் செய்தனர். 1939 மே 5ஆம் நாள் 82 அங்குலத் தொலைநோக்கி முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கிக்கு அடுத்து, அன்றைய உலகில் இரண்டாவது பெரிய தொலைநோக்கி அது. வங்கியாளர் மறைந்து 13 ஆண்டுகள் கடந்திருந்தன.

82 அங்குல ஆடியில் தெரிந்தவை

யெர்க்ஸின் அறிஞர்களுள் ஒருவரான ஜெரார்டு கைப்பர் நெதர்லாந்தில் பிறந்தவர். 1944இல் அவர் சனிக்கோளின் துணைக்கோளான டைட்டனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து ஆராய்ந்து, அதில் மீத்தேன் வாயுவின் தடயத்தைக் கண்டதை வெளியிட்டார். ஒரு துணைக்கோளுக்கும் காற்றுமண்டலம் உண்டு என்று உறுதியானது அதுவே முதன்முறை. 1947இல் செவ்வாயின் காற்றுமண்டலத்தில் கரியமில வாயு இருப்பதையும் அவர் கண்டறிந்தார்.

1948 பிப்ரவரியில் யுரேனஸ் கோளைப் படமெடுத்தபோது அதனருகே அதுவரை அறியப்படாத துணைக்கோள் ஒன்று தெரிந்தது. யுரேனஸின் துணைக்கோள்களுக்கு ஆங்கில இலக்கிய மாந்தரின் பெயரைச் சூட்டும் மரபு முன்பே இருந்தது. அதன்படி ஷேக்ஸ்பியரின் ‘தி டெம்பெஸ்ட்’ நாடகத்தில் வரும் மிராண்டாவின் பெயரை இதற்குக் கைப்பர் சூட்டினார். தனித்தீவில் தந்தையோடு வளர்ந்து, புதிய மனிதரைக் கண்டு வியந்து நிற்பவள் மிராண்டா. மனித உலகம் புதிதாகக் கண்ட துணைக்கோளுக்கு அவள் பெயர் பொருந்தியது. அடுத்த ஆண்டு நெப்டியூனின் துணைக்கோள் ஒன்றையும் கண்டு, கிரேக்கக் கடல்மகளிரின் நினைவாக நெரீட் எனப் பெயரிட்டார். புதியதைக் கண்ட அறிவியலார் பெயருக்காகப் புலவரின் வாசலுக்கே வந்தனர் என்பதை இலக்கிய வட்டத்தார் பெருமையுடன் நினைவிற் கொள்ளலாம்.

ஸ்ட்ரூவேயின் தொலைநோக்கும் குறிப்பிடத்தக்கது. அவர் 1950இல் கலிபோர்னியாவுக்குச் சென்றார். 1952இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில், வியாழனை ஒத்த பெருங்கோள்கள் தம் விண்மீனை மிக நெருங்கிச் சுற்றக்கூடும் என்றும், விண்மீனின் சிறு அசைவைக் கொண்டே அவற்றைக் கண்டறியலாம் என்றும் குறிப்பிட்டார். அன்று அதனைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர் இலர். அத்தகைய கோள் 1995இல்தான் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 1996இல் அறிவிக்கப்பட்ட மற்றொரு கோளை, கலிபோர்னியாவின் லிக் நிலையத்தாரும் மெக்டொனால்டு நிலையத்தின் வில்லியம் காக்ரன், ஆர்ட்டி ஹாட்செஸ் குழுவினரும் தனித்தனியே கண்டு, ஒன்றாக வெளியிட்டனர். அது 16 சிக்னி என்னும் விண்மீன் தொகுதியைச் சேர்ந்தது. ஸ்ட்ரூவே எழுப்பிய தொலைநோக்கி நின்ற மலையிலேயே, அவர் மறைந்து 33 ஆண்டுகளுக்குப் பின், அவருடைய எண்ணத்திற்குச் சான்று கிடைத்தது. 82 அங்குலத் தொலைநோக்கி 1966 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

யாருடைய இரவு?

வானத்தைப் பங்கிட்டுக் கொண்டவர்கள் மண்ணிலும் அனைவருக்கும் பங்களித்தார்களா என்பதை இங்கே கேட்காமல் செல்வது முறையாகாது.

1937இல் ஸ்ட்ரூவேயின் அழைப்பை ஏற்று யெர்க்ஸில் சேர்ந்தவர்களுள் ஒருவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். லாகூரில் 1910இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, கேம்பிரிட்ஜில் ஆய்வைத் தொடர்ந்தவர். விண்மீன்களின் உள்ளமைப்பையும் ஒளி அவற்றின் மேலடுக்குகளைக் கடந்து வரும் விதத்தையும் கணக்கால் ஆராய்ந்தவர். மலையுச்சியில் எடுத்த நிறமாலைகளின் பொருளைச் சொல்ல இத்தகைய கணக்குகளே துணை. தொலைநோக்கி எழுத்தைத் தந்தது என்றால், கோட்பாடு உரையைத் தந்தது. மூலமும் உரையும் ஒன்றையொன்று சார்ந்து வாழ்வதைத் தமிழ் பயின்றவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

சிகாகோ வளாகத்தில் ஒரு பாடம் நடத்துமாறு சந்திரசேகரை ஸ்ட்ரூவே ஏற்பாடு செய்தபோது, அங்கிருந்த புலத்தலைவர் அவருடைய தோலின் நிறத்தைக் காரணம் காட்டி மறுப்புத் தெரிவித்தார். செய்தி ஹட்சின்ஸிடம் சென்றது. சந்திரசேகர் பாடம் நடத்துவார் என்று ஹட்சின்ஸ் முடிவு சொன்னார். டெக்சாஸுடன் தொலைநோக்கியைப் பகிர ஒப்பமிட்ட அதே தலைவர் வகுப்பறையின் மேடையையும் பகிரச் செய்தார். 1983இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு சந்திரசேகருக்கு வழங்கப்பட்டது. புலத்தலைவரின் சொல் வென்றிருந்தால் இழப்பு யாருடையது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆனால் எல்லாக் கதவுகளும் அவ்வாறு திறக்கவில்லை. மலையின் உரிமையாளரான டெக்சாஸ் பல்கலைக்கழகம் அக்காலத்தில் கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஹீமன் ஸ்வெட் என்பவர் சட்டக் கல்லூரியில் இடம் கேட்டு, மறுக்கப்பட்டு, உச்சநீதிமன்றம் வரை சென்று 1950இல் வென்ற பின்னரே அக்கதவு திறக்கத் தொடங்கியது. 82 அங்குல ஆடி பல கோடி மைல் தொலைவிலிருந்து வந்த ஒளியை வேற்றுமை பாராது உள்வாங்கி வந்த 11 ஆண்டுகளிலும், அதே பல்கலைக்கழகத்தின் வாயில் ஒரு சாராருக்கு அடைத்தே கிடந்தது. தமிழ் மண்ணில் பிறந்தவர்கள் இதைக் கேட்டுப் பிறர் குற்றமென்று ஒதுக்கிவிட இயலாது. கோயில் வாயிலும் குளத்துப் படியும் பள்ளித் திண்ணையும் யார் யாருக்கு மூடியிருந்தன என்பதை இம்மண்ணும் அறியும்.

பெண்களின் நிலையையும் கூற வேண்டும். இங்கிலாந்தில் பிறந்த மார்கரெட் பர்பிட்ஜ், மவுண்ட் வில்சனில் ஆய்வு செய்ய விண்ணப்பித்தபோது பெண் என்பதால் மறுக்கப்பட்டார். 1955இல் அங்கு அவர் சென்றது கணவரின் உதவியாளர் என்னும் பெயரில். இரவு தங்க அறிஞர் விடுதியில் இடமில்லை. தனிக்குடிலில் தங்க நேர்ந்தது. தாம் திட்டமிட்ட ஆய்வைப் பிறர் பெயரில் செய்யும் நிலை எழுத்துலகப் பெண்டிருக்குப் புதியதா என்ன? புனைபெயருக்குள் ஒளிந்து எழுதியவர் எத்தனை பேர்!

அந்த மார்கரெட் யெர்க்ஸைச் சார்ந்திருந்த காலங்களில் மெக்டொனால்டின் 82 அங்குலத் தொலைநோக்கியில் பணிசெய்தார். 1957இல் அவரும் கணவர் ஜெஃப்ரியும் வில்லியம் ஃபவுலர், ஃபிரெட் ஹாயில் ஆகியோருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வுரை, தனிமங்களுள் பெரும்பாலானவை விண்மீன்களின் உள்ளே சமைக்கப்பட்டவை என்று நிறுவியது. குருதியிலுள்ள இரும்பும் எலும்பிலுள்ள சுண்ணமும் என்றோ மறைந்த விண்மீன்களின் கொடை. அதன்பின் 82 அங்குலத் தொலைநோக்கியைக் கொண்டே விண்மீன் மண்டலங்கள் சுழலும் விதத்தை அவர்கள் அளந்தனர். வாய்ப்பு மறுக்கப்பட்டவருக்கு ஓர் இரவு கிடைத்தால் அவர் என்ன செய்வார் என்பதற்கு இது போதிய சான்று.

துளைபட்ட ஆடி

முப்பதாண்டு ஒப்பந்தம் முடியும் காலத்தில் டெக்சாஸ் தன் சொந்த வானியல் துறையை வளர்த்திருந்தது. 1963இல் ஹார்லன் ஸ்மித் இயக்குநரானார். நாசாவின் துணையோடு 107 அங்குலத் தொலைநோக்கி 1968இல் நிறைவுற்றது. இன்று அது ஸ்மித்தின் பெயரைத் தாங்குகிறது.

1969 ஜூலையில் நிலவில் இறங்கிய அப்பல்லோ 11 வீரர்கள் அங்கே ஒளியைத் திருப்பியனுப்பும் சிறு பட்டகங்களின் தொகுதியை வைத்து வந்தனர். மெக்டொனால்டிலிருந்து அதன்மேல் லேசர் கதிரை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை ஆண்டுக்கணக்கில் அளந்தனர். இத்தகைய அளவைகளால் நிலவு புவியைவிட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 சென்டிமீட்டர் விலகிச் செல்வது துல்லியமாக அறியப்பட்டது. கவிதைகளில் நெருங்கி நிற்கும் நிலவு, உண்மையில் விரல் நீளத்திற்கும் குறைவாக ஆண்டுதோறும் விடைபெற்றுக்கொண்டே இருக்கிறது.

1970 பிப்ரவரியில் அத்தொலைநோக்கிக்கு ஒரு கேடு நேர்ந்தது. மனநிலை பிறழ்ந்த பணியாளர் ஒருவர் கைத்துப்பாக்கியால் அந்த ஆடியின்மீது பலமுறை சுட்டார். சாதாரணக் கண்ணாடியாக இருந்தால் அது சிதறியிருக்கும் என்றே எவரும் எண்ணுவர். உருக்கிய சிலிகாவால் ஆன அந்தப் பருத்த ஆடி உடையவில்லை. தோட்டா பட்ட இடங்களில் மட்டும் குழிகள் விழுந்தன. அக்குழிகளைச் சீர்செய்து ஆய்வைத் தொடர்ந்தனர். ஆடி இழந்தது தான் திரட்டும் ஒளியில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே. வடுக்களோடு அது இன்றும் விண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

தொண்ணூற்றொரு ஆடிகள்

1980களில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ராம்சே, டேனியல் வீட்மன் ஆகிய இருவர் ஒரு புதுமையான திட்டத்தை முன்வைத்தனர். பெருந்தொலைநோக்கிக்கு ஆகும் செலவில் பெரும்பகுதி, பளுவான ஆடியை எல்லாத் திசைகளிலும் சாய்த்துத் திருப்பும் பொறியமைப்புக்கே சென்றது. ஆடியை ஒரே சாய்வில் நிறுத்திவிட்டால் என்ன என்று அவர்கள் கேட்டனர்.

அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே ஹாபி-எபர்லி தொலைநோக்கி. டெக்சாஸ், பென்சில்வேனியா மாநிலம், ஸ்டான்ஃபோர்டு ஆகிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும், மியூனிக், கோட்டிங்கன் ஆகிய ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களும் கூடி இதனை எழுப்பின. 1997 அக்டோபரில் இது திறக்கப்பட்டது. இதன் ஆடி ஒரே கண்ணாடியன்று. ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் அகலமுள்ள அறுகோண ஆடிகள் 91 சேர்ந்தது. மொத்தப் பரப்பு 11 மீட்டருக்கு 10 மீட்டர். ஆடி தொடுவானிலிருந்து 55 பாகை உயரம் நோக்கியே எப்போதும் சாய்ந்திருக்கும். வேண்டிய திசைக்குத் திரும்பிய பின் அது அசைவதில்லை. புவி சுழல, விண்மீன் தானே ஆடியின் பார்வைக்குள் வருகிறது. மேலே பொருத்தப்பட்ட கருவி மட்டும் நகர்ந்து அந்த ஒளியைப் பின்தொடர்கிறது. இந்த எளிமையால், ஒத்த அளவுள்ள பிற தொலைநோக்கிகளுக்கு ஆன செலவில் ஒரு சிறு பங்கிலேயே இது கட்டி முடிக்கப்பட்டது.

91 ஆடிகளும் ஒன்றுபோல் நிற்க வேண்டும். ஒன்று சற்றே பிசகினாலும் பிம்பம் கலையும். வெப்பம் மாறினால் அவற்றை மீண்டும் நேர்ப்படுத்த வேண்டும். ஒருமுறை ஒன்றுகூடியதோடு வேலை முடிவதில்லை; ஒவ்வோர் இரவும் மீண்டும் ஒன்றாக வேண்டும்.

இரவைப் பங்கிடும் முறையும் புதியது. முன்பெல்லாம் ஆய்வாளர் மலைக்குச் சென்று, தமக்கு ஒதுக்கிய நாளில் மேகம் மூடினால் வெறுங்கையோடு திரும்புவார். இங்கோ பல பல்கலைக்கழகத்தாரின் வேண்டுகோள்கள் ஒரே வரிசையில் வைக்கப்படுகின்றன. மலையில் தங்கியுள்ள வானியலார் அன்றைய வானின் தெளிவைப் பார்த்து, எந்த ஆய்வுக்கு அந்த நேரம் தகுமோ அதனைச் செய்கின்றனர். நிலவொளி உள்ள இரவு ஒருவருக்கு. இருண்ட இரவு மற்றொருவருக்கு. ஒருவருக்குப் பயன்படாத நாழிகை இன்னொருவருக்குப் பயன்படுகிறது. ஆண்டின் முடிவில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் பங்குக்கு உரிய நேரத்தைப் பெறுமாறு கணக்கு வைக்கப்படுகிறது.

பின்னர் இத்தொலைநோக்கி பெருமளவில் புதுப்பிக்கப்பட்டது. ஏறத்தாழ 35,000 ஒளியிழைகளின் வழியே விண்ணொளியைப் பிரித்தறியும் கருவித்தொகுதி அதில் பொருத்தப்பட்டது. அதனைக் கொண்டு 2017இல் தொடங்கிய ஆய்வு, ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கும் முன் புறப்பட்ட ஒளியைத் திரட்டி, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன் மண்டலங்களின் இருப்பிடத்தை வரைவதை நோக்கமாகக் கொண்டது. அண்டம் விரைந்து விரிவதன் காரணத்தை அறிவதே அதன் குறிக்கோள்.

இருளைக் காத்தல்

தொலைநோக்கியைப் பணத்தால் கட்டலாம். இருளைக் கட்ட இயலாது. காப்பாற்றத்தான் இயலும். டேவிஸ் மலைத்தொடருக்கு வடகிழக்கே பெர்மியன் படுகை என்னும் எண்ணெய் வயல் உள்ளது. அங்கே எரியும் விளக்குகளின் ஒளி தொடுவானில் வெளுப்பாகத் தெரியத் தொடங்கியது. நிலையத்தார் எண்ணெய் நிறுவனங்களோடு பேசினர். விளக்கை அணைக்கச் சொல்லவில்லை; விளக்குக்கு மூடி போட்டு ஒளியைத் தரைக்கே திருப்புங்கள் என்றனர். பணியாளருக்கும் அது நல்ல வெளிச்சம் தந்தது. 2011இல் டெக்சாஸ் சட்டமன்றம் சுற்றிலுமுள்ள ஏழு மாவட்டங்களில் வெளிவிளக்குகளை நெறிப்படுத்த வழிசெய்தது. 2022இல் அமெரிக்காவிலும் மெக்சிகோவிலுமாக 15,000 சதுர மைலுக்கும் மேற்பட்ட பரப்பு பன்னாட்டு இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இரண்டு பல்கலைக்கழகங்கள் தொடங்கிய பங்கீட்டை இன்று இரண்டு நாடுகள் தொடர்கின்றன.

அறிவாளர் மிகுந்திருந்த யெர்க்ஸின் கதை வேறாக முடிந்தது. 2018இல் சிகாகோ பல்கலைக்கழகம் அங்குத் தன் பணிகளை நிறுத்திக்கொண்டது. 2020இல் ஓர் அறக்கட்டளை அதனை ஏற்று, 2022இல் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தது. சந்திரசேகர் பல்லாண்டு வாழ்ந்து பணிசெய்த இடம் அழியாமல் எஞ்சியது மகிழ்ச்சிக்குரியது.

நிறைவாக

ஹாபி-எபர்லியின் அமைப்பை மாதிரியாகக் கொண்டு தென்னாப்பிரிக்காவின் சதர்லாந்தில் 2005இல் எழுந்த பெருந்தொலைநோக்கியில் இந்தியாவுக்கும் பங்குண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 1988இல் புனேயில் அமைத்த வானியல் பல்கலைக்கழக இடைமையம் அதன் பங்காளிகளுள் ஒன்று. அம்மையம் 2006இல் கிராவலி மலையில் 2 மீட்டர் தொலைநோக்கி ஒன்றையும் நிறுவியது. சிறு கல்லூரியில் பணியாற்றும் ஆசிரியரும் தம் மாணவரும் தக்க ஆய்வுத் திட்டத்தோடு விண்ணப்பித்து இரவைக் கேட்கலாம் என்பதே அத்தகைய மையத்தின் பொருள். தமிழகத்தின் சவ்வாது மலையில், காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் அவ்வாறே பிற நிறுவனத்தாரின் விண்ணப்பங்களுக்கும் இடம் தருகிறது. ஊர்களின் விளக்குகள் பெருகப் பெருக அங்கும் இருளைக் காக்கும் பொறுப்பு அயலார் கையில் உள்ளது.

இலக்கிய வட்டம் ஒன்று பத்தாண்டுகள் நிலைத்திருப்பது எளிதன்று. இடம் உள்ளவர் இடம் தந்தனர். சொல் உள்ளவர் சொல் தந்தனர். மாதந்தோறும் ஒரு மாலையைப் பலருக்குமாகப் பங்கிட்டுக்கொண்டனர். அந்த மாலையில் இதுவரை மேடை ஏறாதவர் யார், கதவருகே நின்று திரும்பியவர் யார் என்று ஆண்டுக்கொருமுறை எண்ணிப் பார்ப்பது இவ்வட்டத்தின் கடமை. ஒருவரின் நிறத்தைக் காட்டியும், மற்றொருவர் பெண் என்று காட்டியும் கதவை அடைக்க முயன்றவர்களைப் பற்றி மெக்டொனால்டு வரலாறு சொல்வது ஒன்றே. அடைத்தவர் பெயரை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. உள்ளே வந்தவர்கள் விட்டுச் சென்ற ஒளி இருக்கிறது.

முதுகண்ணன் சாத்தனார் பெயர் சொல்லாமல் விட்ட வானநூலாருக்கும், அவர்களைப் பாட்டில் வைத்த புலவருக்கும் பொதுவான உடைமை இரவு. அதனைப் பங்கிடக் கற்றவர்க்கே அது விரிகிறது.

வட்டம் வளர்க!